தாமத உறுப்பு

முதல் வடிவத்தில் ஆறு சமன்பாடுகள்.
எல்லாம் உடனுக்குடன் நடப்பதாக வைத்துக்கொண்டேன்;
காகிதத்தில் யாருக்கும் நேரமாவதில்லை.

சவ்வின் மேல் ஒரு மூலக்கூறு வந்து தட்டுகிறது.
உள்ளே ஒரு புரதம் விலங்கு கழன்று
உட்கருவுக்குள் ஓடுகிறது.
ஓடிப்போய் அது எழுதிவைப்பவற்றில் முதலாவது
தன்னைப் பிடித்து வெளியே இழுத்துவரப்போகும்
காவலனின் பெயர்.
(ஆட்சிக்கு வந்த யாரும் இப்படிச் செய்து
நான் பார்த்ததில்லை.)

என் கணினியில் வளைகோடு ஒருமுறை எழும்பி
மெல்ல இறங்கி
மேசையில் வைத்த தட்டுபோல அடங்கியது.
அழகாக இருந்தது. அச்சடித்து
மூன்றாம் மாடிக்கு எடுத்துப்போனேன்.

ரெகுலா ட்ஷூடி காகிதத்தைத் தொடவில்லை.
இருட்டறையில் படத்தை ஓடவிட்டாள்:
இருநூற்றுப் பதினான்கு செல்கள்,
பன்னிரண்டு மணி நேரம் நாற்பது நொடியாகச் சுருங்கி.
ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சை எரிந்தது, அணைந்தது,
எரிந்தது,
யாரோ இணைப்பை மாற்றிக் கொடுத்த சீரியல் பல்புகள்போல
எதுவும் எதனோடும் ஒத்துப்போகாமல்.

"அடங்கும் என்கிறாய். இதில் எது அடங்கியது, காட்டு."

எதுவும் இல்லை.
எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் மட்டும்
என் தட்டு கிடைக்கிறது.
யாரும் குடியிராத ஊருக்கு
மக்கள்தொகை எழுதியிருக்கிறேன்.

பாசலில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மாதம்.
ரைன் படித்துறையில் நின்றேன். படகு அக்கரையில்.
மணியை இழுத்தேன்.
ஓசை போய்ச்சேர ஒரு நொடிகூட ஆகியிருக்காது.
படகுக்காரர் குவளையைக் காலிசெய்ய,
கையுறை மாட்ட,
ஒரு கிழவரின் நாயை இறக்கிவிட நேரமானது.

இந்தப் படகுக்கு இயந்திரம் இல்லை, துடுப்பும் இல்லை.
ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி, அதில் வழுக்கி ஓடும் கயிறு.
தண்ணீர் என்னவோ ஒரே பக்கம்தான் போகிறது.
சுக்கானைத் திருப்பினால்
அதே தண்ணீர் இக்கரைக்குத் தள்ளுகிறது,
மறுபடி திருப்பினால் அக்கரைக்கு.
நடுவில் இருப்பது காத்திருப்பு.

"மணி அடித்ததிலிருந்து எத்தனை நிமிடம்?" என்று கேட்டேன்.
புகார் என்று நினைத்துவிட்டார்.
இரண்டு பிராங்கில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

அன்றிரவு சேர்த்தேன்.
படியெடுக்க, மொழிபெயர்க்க, மடிக்க,
போய்த் தேடிப் பிடிக்க:
இருபத்திரண்டு நிமிடம்.
கணக்கில் அதற்கு உறுப்பு என்று பெயர்,
கைக்கும் ஈரலுக்கும் உள்ள அதே பெயர்.
என் சமன்பாடு மற்றதெல்லாம் சரியாக இருந்து
நேரமாகிற உறுப்பு மட்டும் இல்லாமல் பிறந்திருந்தது.

வளைகோடு எழுந்தது. விழுந்தது.
எழுந்தது.
கடைசி டிராம் வளைவில் கிறீச்சிட்டுப் போனபோதும்
எழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஒவ்வொரு செல்லுக்கும் அதனதன் தாமதத்தைப் பொருத்தினேன்.
பத்தொன்பது. இருபத்தாறு. பதினெட்டரை.
அறுபத்தொன்றாவது
பன்னிரண்டு மணி நேரமும் எரியவே இல்லை.
உயிரோடுதான் இருந்தது. நகர்ந்தது.
எட்டாம் மணியில் பிரிந்து இரண்டானது.
ஒரு மகள் நாற்பதாம் நிமிடத்தில் கண்சிமிட்டினாள்,
மற்றவள் தாயைப்போல.

தட்டியது கேட்கவில்லையா,
கேட்டும் திறக்கவில்லையா?
என்னிடம் உள்ள மாறிகளால்
இரண்டையும் பிரிக்க முடியாது.

அட்டவணையில் அதன் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
பூஜ்யம் போட்டால் பதில் தெரிந்ததாகிவிடும்.

வரைவின் முதல் பக்கத்தில் நான்
'இருநூற்றுப் பதின்மூன்று செல்கள்' என்று எழுதியிருந்தேன்.
ரெகுலா பேனாவை எடுத்து, எதுவும் சொல்லாமல்,
ஒன்றைக் கூட்டினாள்.