கழுத்துக்குள் பெயர்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இங்கே ஆறே வந்து அளந்துவிட்டுப் போயிருந்தது:
நிலவறைச் சுவரில், என் மார்பு உயரத்தில்,
பழுப்பாய் ஒரு கோடு.

மாக்கோன் நகரம். பிப்ரவரி.
சோன் ஆறு வடிந்து ஒன்பதாம் நாள்.
ரப்பர் பூட்ஸ், தலைவிளக்கு, படிவம் பதினேழு.
காப்பீட்டு மதிப்பீடு என் வேலை.
காலையில் ஒரு பியானோவைப் பார்த்தேன்,
பிறகு ஒரு ரொட்டிக்கடை அடுப்பை.
இரண்டுக்கும் நேரே 'தேறாது' என்று எழுதினேன்.
இது மூன்றாவது வீடு.

ரெஜி ஷொமேய். நகரப் பேருந்து, நான்காம் தடம்.
படியில் நின்றபடியே கணக்குச் சொன்னார்:
"எண்பத்தேழு புட்டி. அதில் முப்பத்தொன்று
ஷம்போல், மேல் சரிவு, தொண்ணூற்றாறு.
மிச்சம் அதே பண்ணையின் கீழ்வயல்,
ஞாயிற்றுக்கிழமைக்கு, கோழிக்கு,
சொல்லாமல் வந்து நிற்கும் மச்சானுக்கு."

ரசீது மாடியில், பிளாஸ்டிக் உறையில், நனையாமல்.
பன்னிரண்டு தவணையில் வாங்கியது.
இன்றைக்கு ஒரு புட்டி
அவர் சம்பளத்தில் சரிபாதி.

"ஒன்றைக்கூடத் திறந்ததில்லை" என்றாள் சிதோனி,
மேலிருந்து, துடைப்பத்தை நிறுத்தாமல்.
"மகள் ஞானஸ்நானத்துக்குக் கேட்டேன். 'இன்னும் தேறவில்லை.'
அவள் கல்யாணத்துக்குக் கேட்டேன். 'இன்னும் தேறவில்லை.'
அவள் விவாகரத்துக்குக் கேட்டேன்.
'அதற்கெல்லாமா?'"

புட்டிகள் ஒன்றும் உடையவில்லை.
லேபிள்கள்தான் கழன்று
தரையில் கூழாய்க் கிடந்தன.
ஒரே கண்ணாடி, ஒரே சரிந்த தோள்,
எழுத்தில்லாத ஒரே கறுஞ்சிவப்புக் குல்லாய்.
விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன்.
வெளியே ஆற்றின் வண்டல்,
உள்ளே தொண்ணூற்றாறின் வண்டல்.
ஆனால் கீழ்வயலுக்கும் வயதாகியிருந்தது,
அதற்குள்ளும் வண்டல்.

தக்கையில் இருக்கிறது என்றார் ரெஜி.
பண்ணை, நிலம், வருடம், சூட்டுக்கோலால் பொறித்தது.
இருக்கிறதுதான். கழுத்துக்குள் இருக்கிறது.
கழுத்தைத் திறந்தால் பெயர் கிடைக்கும்,
பெயர் கிடைத்தபின் விற்க ஒன்றும் இருக்காது.

உடைந்திருந்தால் கொடுக்கலாம் என்றேன்.
புளித்திருந்தால்கூட எப்படியாவது கொடுக்கலாம்.
பெயர் போனதற்கு
எங்கள் ஒப்பந்தத்தில் பத்தி இல்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு புட்டியை எடுத்தார், வைத்தார்.
இன்னொன்றை எடுத்தார்,
கடைசி நிறுத்தத்தில் தூங்கிப்போன பயணியை
எழுப்பலாமா என்று பார்ப்பவர் போலப் பார்த்தார்.
மேலே துடைப்பம் நின்றது.

சிதோனி இறங்கி வந்தாள்.
ஏப்ரனில் திருகி, விரல் இடுக்குகளில்
கடுகு விழுது வந்த மூன்று கண்ணாடிக் குவளைகள்.
எது என்று அவள் கேட்கவில்லை.
கைக்கு அருகில் இருந்ததை இழுத்தாள்,
சேற்றைத் தொடையில் துடைத்தாள், திருகினாள்.
தக்கை மெதுவாக, இருமலை அடக்குவதுபோல, வந்தது.
அவர் கையை நீட்டினார்.
அவள் தக்கையை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

வேலை நேரத்தில் நான் குடிப்பதில்லை.
குடித்தேன்.
முதலில் செர்ரி, பிறகு ஈர இலைகள்,
பிறகு நெடுநேரம் எதுவுமில்லை,
பிறகு இரும்புச் சாவியை நாக்கில் வைத்ததுபோல் ஏதோ.
சாக்கடை நாற்றம் அப்படியே இருந்தது.
அதற்குள்ளும் இது இருந்தது.

"மேல் சரிவு" என்றார் அவர்.
"கீழ்வயல்" என்றாள் அவள், குடிக்கும் முன்பே.
"கையைத் திற."
"மாட்டேன்."
அவர் இன்னொரு மிடறு இழுத்து
வாயிலேயே வைத்திருந்தார்.
கன்னம் உப்பி, கண்கள் சிறுத்து,
கடைசியில் விழுங்கிவிட்டு
"தேறிவிட்டது" என்றார்,
எது என்று சொல்லாமல்.

எண்பத்தாறு என்று எழுதினேன்.
மதிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
இரண்டு மணிக்கு நான்காவது வீடு:
ஒரு குளிர்பெட்டி, ஒரு கம்பளம்.

மறுநாள் அலுவலகத்தில் மேலாளர்
படிவம் பதினேழைத் தூக்கிப் பிடித்தார்.
மூலையில் ஒரு சிவப்பு வட்டம்,
குவளையின் அடி அளவு.
என்ன இது என்றார்.
வெள்ளக்கறை என்றேன்.