சிவப்புக்குப் போட்டாச்சு

சிராங்கூன் நார்த்திலிருந்து
இரண்டடித் தொட்டியை மடியில் வைத்தே
டாக்ஸியில் கொண்டுவந்தேன் ஈசூனுக்கு.
மீனா என்று கேட்டார் ஓட்டுநர்.
இன்னும் இல்லை, இப்போதைக்குக் காற்று.

மீன்கள் ஏற்கெனவே வீட்டில் இருந்தன,
ஊறுகாய் ஜாடிகளில்.
சிவப்பு, தவமலர் வாங்கியது.
நீலம், நான்.
ஒருவருக்கொருவர் சொல்லாமல்
ஒரே வாரத்தில் வாங்கியிருந்தோம்.
அவளுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி,
எனக்கு நாலரைக்கு டிப்போ.
சொல்ல நேரம் எங்கே?

ஜாடிகளுக்கு நடுவே காலண்டர் அட்டை.
அதை எடுத்தால் போதும்,
இரண்டும் செவுள் விரித்துக்
கண்ணாடியில் மூக்கை இடிக்கும்.

புத்தகக் கடையில்
பூப்பின்னலுக்கு விற்கும் பிளாஸ்டிக் வலை, கறுப்பு;
பள்ளிப்பிள்ளைகள் கட்டுரைத்தாள் செருகும்
பிளாஸ்டிக் முதுகு இரண்டு.
மொத்தம் ஆறு வெள்ளி நாற்பது காசு.

முதுகுகளை உட்சுவரில் சிலிக்கோனால் ஒட்டினேன்.
வீடெல்லாம் காடி வாடை.
இருபத்துநாலு மணிநேரம் தொடாதே என்றிருந்தது.
பதினாறாவது மணியில் தொட்டேன்.
என் விரல்ரேகை இன்னும் அங்கே இருக்கிறது,
வலது மூலையில்.

கரிய மண்ணைப் பின்னால் உயர்த்தி
முன்னால் சரித்துவிட்டேன்.
அனுபியாஸின் கிழங்கைப் புதைத்தால் அழுகும்.
கட்டையோடு சேர்த்து, சீருடைப் பித்தான் தைக்கும்
நீல நூலால் கட்டினேன்.
கிரிப்டுகளை மட்டும் மண்ணில் நட்டேன்.
பத்தே நாளில் இலையெல்லாம் கூழ்.
பிடுங்காதே என்று
கடைக்காரர் கோ முன்பே சொல்லியிருந்தார்:
மேலேதான் சாகும், கீழே இல்லை.

மண் கலங்காமல் இருக்க
ஒரு தட்டு வைத்து அதன்மேல் ஊற்றினேன்.
சிவப்பின் பக்கம்தான் ஊற்றினேன்,
நீலத்தின் பக்கமும் கூடவே உயர்ந்தது.
இதை உவமையாக்க எனக்கு விருப்பமில்லை.
வலையில் ஓட்டை இருக்கிறது. அவ்வளவுதான்.

பிறகு மீனில்லாத நாலு வாரம்.
சோதனைக் குழாயில் பச்சை
மஞ்சளாகக் காத்திருந்தேன்.
கொசுப்புழு தேடி வந்த அதிகாரி
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
மீனே இல்லையே, தண்ணீர் எதற்கு என்றார்.
தயாராகிறது என்றேன்.
எது என்று அவர் கேட்கவில்லை.

விட்ட அன்றே
வலையின் இருபுறமும் இரண்டு போர்க்கொடிகள்.
பாசியை வாங்கி வலையில் தைத்தேன்,
ஒவ்வொரு கட்டமாக.
அது வளரும்வரை
பழையபடி காலண்டர் அட்டை, ஆகஸ்ட் மாதம்.

ஆவியாகிக் குறைந்ததென்று
ஒரு நாள் விளிம்புவரை நிரப்பிவிட்டுத் தூங்கினேன்.
மூன்று நாற்பதுக்கு எழுந்து விளக்கைப் போட்டால்
நீலம் அந்தப் பக்கம்.
சிவப்பின் வாலில் கால்பங்கு இல்லை.

வலைக்கரண்டியால் நீலத்தை அள்ளித் திருப்பி விட்டேன்.
இரண்டு விரல் தண்ணீர் குறைத்தேன்,
வலைக்கு மேல் இன்னும் நாலு வரிசை ஏற்றினேன்.
முதல் பேருந்து ஆறு நிமிடம் தாமதம்.
குளிர்பெட்டியில் அவளுக்கு
நீளமாக ஒன்று எழுதி ஒட்டி,
கிழித்து,
'வால் வளரும், கோவிடம் கேட்கிறேன்' என்று மட்டும் எழுதினேன்.

வளர்ந்தது. முதலில் கண்ணாடிபோல,
பிறகு சிவப்பாக, முன்பைவிடக் கொஞ்சம் கோணலாக.
பாசியும் வலையை மூடிவிட்டது,
அடியில் ஒரு கட்டம் தவிர.
அந்தக் கட்டத்தருகே சிவப்பு போய் நிற்கும்.
செவுள் விரிப்பதில்லை. நிற்கும்.
மறுபக்கம் நீலம் எப்போதாவது வரும்.

நேற்று நான் வந்தபோது
அவள் லிஃப்டில் இறங்கிவிட்டிருந்தாள்.
குளிர்பெட்டியில் அவள் கையெழுத்து:
சிவப்புக்குப் போட்டாச்சு, மூன்று உருண்டை.
நீலத்துக்கு நீ.
அந்த ஓட்டையில் பாசி வைக்காதே.