ஏழாம் நம்பர்

மெயின் வீதியில் மழை பிடித்துக்கொண்ட பின்னேரம்.
வெள்ளவத்தை அம்மா ஒருத்திக்கு
ஒன்பது சோடி மாட்டிக் கழற்றியிருந்தேன்,
முழங்காலில் நின்று.
பத்தாவதும் பிடிக்கவில்லை, எழுந்து போனாள்.
நன்றி யாரும் சொல்வதில்லை.
அது கூலிக்குள் அடக்கம்.

அதே கதிரையில் வந்து அமர்ந்தவள்
மாநகர சபையின் பச்சை மேலங்கி போட்டிருந்தாள்.
தும்புத்தடியை வாசலில்,
குடை வைக்கும் வாளிக்குள்
குடைகளோடு குடையாக நிறுத்திவிட்டு வந்திருந்தாள்.

"மகளுக்குப் பரிசு குடுக்குறாங்க.
மேடைக்கு அம்மாவையும் கூப்பிடுவாங்களாம்.
எனக்குத்தான் சப்பாத்து. கறுப்பு. ஏழாம் நம்பர்."

எடுத்து வந்தேன்.
பெட்டியை அவள் மடியில் வைத்தேன்.
"போட்டுப் பாருங்க" என்றேன்,
நின்றபடி.

அவள் பெட்டியைத் திறக்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
பிறகு ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு
வெள்ளவத்தை அம்மா நீட்டியது போலவே
வலது காலை நீட்டினாள்.

அவ்வளவுதான்.
ஒரு சொல் இல்லை, கோபம் இல்லை.
கால் மட்டும் அந்தரத்தில்,
கொடுத்த கடனைக் கேட்க வந்து
வாசலில் நிற்கிற ஆள் போல.

முதலாளி கணக்குக் கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தினார்.
வெளியே ஒரு நாட்டாமை
சிங்களத்தில் வழி கேட்டபடி வண்டி இழுத்துப் போனான்.

உடனே குனிந்தேன் என்று எழுத ஆசைதான்.
குனியவில்லை.
குதியில் வெடிப்பு, வெடிப்புக்குள்
ஐந்துலாம்புச் சந்தியின் கரி.
என் கை ஒருமுறை காற்சட்டைப் பைக்குள் போய் வந்தது.

அப்படியொரு குதியை எனக்குத் தெரியும்.
லிந்துலைப் பக்கம், லயத்து வாசலில்,
அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு
பிரட்டுக்களத்துக்கு ஓடும்.
கொழும்பில் ஊர் கேட்டால்
கண்டி என்பேன். மூன்று வருடமாய்.

முழங்கால் தரையில் பட்டது.
மழையில் ஊறி வெளிறிய பாதம்
என் உள்ளங்கையில் முழுப் பாரத்தையும் வைத்தது.
மேசு மாட்டினேன். நாடா இழுத்தேன்.
பெருவிரல் எங்கே முடிகிறதென்று அழுத்திப் பார்த்தேன்.
"இடிக்குதா?"
"கொஞ்சம்."

எட்டாம் நம்பர். அதில் குதி கழன்றது.
பட்டி வைத்தது. நுனி கூர்ந்தது.
அவள் அவசரப்படவில்லை.
கண்ணாடி முன் நடந்தாள், திரும்பினாள்,
மேடையில் ஏறுகிறவள் போல ஒருமுறை நின்றாள்.
ஆறாவது சோடியையும் கழற்றிவிட்டு,
"மொதல்ல போட்டதையே தாங்க" என்றாள்.

நாலாயிரத்து முந்நூறு.
அவள் கொடுத்ததை முதலாளி இரண்டு முறை எண்ணினார்.
அவர் கொடுத்த மிச்சத்தை
அவள் மூன்று முறை எண்ணினாள்.

வாளியிலிருந்து தும்புத்தடியை உருவியபடி கேட்டாள்:
"தம்பிக்கு எந்த ஊரு?"

கண்... என்று தொடங்கிவிட்டேன்.
நிறுத்தி, தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்,
முதலாளிக்கும் கேட்கும்படி.

"மேக்கணக்கா," என்றாள், "பணியக்கணக்கா?"