சாய்ந்த தாங்கி

கிராஸ்லிட்சே, பிப்ரவரி. பட்டறை மேசையில்
இரண்டு டியூபாக்கள். ஒன்று நான் செய்தது.
மற்றது கப்பலில் வந்தது, ஆறில் ஒரு பங்கு விலை.

தகடு மெலிசு. மூன்றாம் வால்வு இருமுகிறது.
அடிச்சுரம் மட்டும்
குறை சொல்ல இடம் தராமல் இறங்குகிறது.

"மழையில் நனையப்போவதுதானே" என்கிறான் ஓத்மர்,
தீயணைப்பு பேண்டுக்கு வாங்கியவன்.

விளக்கைக் கிட்டே இழுத்தேன்.
கூம்புக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாங்கி
அரை விரல் சாய்ந்திருக்கிறது.
என்னுடையதில் நேராக.

எண்பத்தாறில், லிபுஷே பிறந்த இரவு,
கை நடுங்கிப் பற்றவைத்தேன் ஒன்றை;
யார் பார்க்கப்போகிறார்கள் என்று
அனுப்பியும்விட்டேன்.

கடலுக்கு அப்பால் யாரோ பார்த்திருக்கிறார்.
அளவெடுத்து, அச்செடுத்து,
ஒவ்வொன்றிலும்
அதே நடுக்கம்.

"அதையும் நிமிர்த்திவிடுங்கள்" என்கிறான்.
வால்வுக்கு மட்டும் எண்ணெய் விட்டேன்.