முப்பத்தொன்றுக்கு முன்

திருகோணமலை பஸ் நிலையத்தில்
மான் ஒன்று என் பையை முகர்ந்தது.
உள்ளே மெழுகுதிரி, தீப்பெட்டி,
வாழையிலையில் சுற்றிய நித்தியகல்யாணி.
பூவை மட்டும் மோந்துவிட்டு
வேண்டாமென்று போனது.

கிண்ணியாவில் இப்போது பாலம்.
அந்த நாளில் பாதை ஓடியது.
பிள்ளையை மடியில் வைத்து நான் கடந்தது
ஒரே தரம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு.
இப்போது கொட்டாவி ஒன்று விடுவதற்குள்
அக்கரை வந்துவிடுகிறது.

இலந்தைமுனையில் கல் நிற்கிறது,
பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில்.
சீமெந்தில் இறக்கிய கறுப்புக் கல்.
நாற்பத்தொரு வரி.
பத்தாவதில் அவர்: க. தவேந்திரம், 29.
அதற்குக் கீழே
'குழந்தை, 19 நாள்.'

கல் வெடித்துவிட்டது, மாற்றப் போகிறார்களாம்.
காசும் சேர்த்தாயிற்று.
சங்கத்துப் பொடியன் பேனையோடு வந்து நின்றான்:
"அன்ரி, இந்தமுறையாவது பெயரைச் சொல்லுங்கோ."

என்ன சொல்ல, தம்பி.
நாங்கள் சண்டையை முடிக்கவில்லை.

அவருக்குத் தாட்சாயணி.
ஐயர் தந்த எழுத்து தா.
எனக்கு ஆதிரை.
"பூராடத்தில் பிறந்ததுக்கு ஆதிரையா,
ஊர் சிரிக்கும்" என்றார்.
"தாட்சாயணி என்று அரிவரியில் எழுதவே
பிள்ளை அழும்" என்றேன்.
முப்பத்தொன்றுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடந்தது.
சண்டை பிடிக்க அது காணும் என்றுதான் நினைத்தோம்.
கடைசி இரவு நான் அவரோடு கதைக்கவில்லை.
விடியப்புறம் பிள்ளையின் துணி அலச
வயல் துரவுக்குப் போனேன்.
அலசிய துணியோடு
இரண்டு நாள் பற்றைக்குள் கிடந்தேன்.
துணி என் மடியிலேயே காய்ந்தது.

ஆதிரை என்று வெட்டினால்
நான் வென்றதாகப் போய்விடும்.
மற்றதை வெட்டினால்
இருக்கும்போது விட்டுக்கொடுக்காதவள்
கல்லுக்கு விட்டுக்கொடுத்தாள் என்று
அவரே சிரிப்பார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.
போன வருஷமும் அதைத்தான் சொன்னேன்.

படலையில் மோட்டார்சைக்கிள்.
சிவில் உடுப்பு, கையில் கொப்பி.
வருகிற போகிற எல்லாரையும் எழுதுகிறான்.
"அம்மா ஆருக்கு வந்தது?"
புருஷனுக்கு. பிள்ளைக்கு.
"பிள்ளையின் பெயர்?"

அவனுக்கு ஏன் சொன்னேன் என்று தெரியாது.
தாட்சாயணி என்றேன்.
ஆதிரை என்றேன்.
எழுத்துக்கூட்டி, மெதுவாக எழுதினான்,
ஒன்றன்கீழ் ஒன்றாய்,
இலக்கம் போட்டு.

அவனுடைய கொப்பியில்
எனக்கு இரண்டு பிள்ளைகள்.

திரும்பவும் கல்லடிக்குப் போனேன்.
கடற்காற்று, மெழுகுதிரி நிற்கவில்லை.
சிரட்டை ஒன்று தேடியெடுத்து
அதற்குள் வைத்துக் கொளுத்தினேன்.
கடைசி பஸ் நாலரைக்கு.