நீலம் ஏறிய அளவு

சயானில் ஏறும் வளையல்காரி மெஹ்ருனிடம்
மூன்று குப்பி நகப்பூச்சு வாங்கினேன், ரத்தச் சிவப்பு.
கல்யாணமா என்றாள் இந்தியில்.
பல்லுக்கு என்றேன்.
பெண்கள் பெட்டியே சிரித்தது.

பல்லுக்குத்தான்.
அறுபது, எல்லாம் ஒற்றை வேர்.
கோவண்டி முகாமில், செம்பூர் கிளினிக்கில்
யார் யாரோ துப்பிவிட்டுப் போனவை.
வேர் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு
மீதி உடம்பெல்லாம் இரண்டு கோட்.
என் நகங்கள் வெறுமையாய்.

உள்ளே ஏற்கெனவே அடைத்தாயிற்று.
இருபதில் குளிர்ந்த கட்டாபெர்ச்சா,
குச்சி குச்சியாய்ப் பக்கவாட்டில் நெருக்கி,
கல்யாண் வண்டியில் நாலாவது சீட்டுக்கு
நகரச் சொல்வதுபோல.
இருபதில் அதையே உருக்கி, மேலிருந்து அழுத்தி.
பதினைந்தில் ஒற்றைக் குச்சியும் புதுப் பசையும்
(விலை கேட்டாலே பல் கூசும்).
ஐந்தில் ஒன்றுமில்லை,
தோற்பதற்கென்றே வைத்தவை.

மெத்திலீன் நீலத்தில் மூன்று நாள்.
அதே மூன்று நாள் மும்பையும் ஊறியது.
ஹாஸ்டல் மாடியில் தார் பூசி,
நீலத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் செங்கல் வைத்தும்
சரியாக என் தலைக்கு மேலே
வழி கண்டுபிடித்தது தண்ணீர்.
வாளியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு
காலைச் சுருட்டிப் படுத்தேன்.

நான்காம் நாள் வைரத் தகட்டால்
ஒவ்வொன்றையும் நெடுக்கில் பிளந்தேன்.
சுவருக்கும் அடைப்புக்கும் நடுவே
மயிரிழை அகலம்தான், அதில்
நீலம் ஏறியிருந்தது.
ஒன்று புள்ளி எட்டு. இரண்டு புள்ளி மூன்று.
உருக்கியது கொஞ்சம் தேவலை.
விலை உயர்ந்தது அவ்வளவாக இல்லை.
பெரிய வித்தியாசம் எதுவுமில்லை என்றது கணக்கு.

முப்பத்தேழில் மட்டும்
நுனியிலேயே நின்றுவிட்டது.
லென்ஸைத் துடைத்தேன். மறுபாதியையும் பார்த்தேன்.
பூஜ்யம்.
யாருடையது என்று எழுதி வைக்கவில்லை,
எல்லாம் ஒரே ஜாடி.
கோவண்டியில் ஒருத்தி,
மரத்துப்போகும் முன்பே நான் இழுத்தும்
கண்ணில் நீர் வராமல்
மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

இரவு வீட்டிலிருந்து போன்.
குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?
மழை என்றேன்.
தீசிஸ் என்றேன். சாப்பிட்டாச்சு என்றேன்.
நன்றாக அடைத்துத்தான் சொன்னேன்.
எந்த இடுக்கில் ஏறியதோ,
அரை மணி கழித்து
அக்கா தனியாகக் கூப்பிட்டாள்.