ஒரு தட்டு முன்னதாக

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரதி.
அரைச் சுரங்களின் வயிற்றில்
நான் விட்டிருந்த வெள்ளையை
டோனர் தின்றுவிட்டது.

ஞாயிறு ஆராதனையில்
ஆல்ட்டோ வரிசை மொத்தமும்
ஒரு தட்டு முன்னதாகவே நின்றது.
மெர்லின் புஷ்பலதா மட்டும்
மனப்பாடத்தில் நீட்டிக்கொண்டிருந்தாள், தனியாக.
வெளியே வந்து எதுவும் கேட்கவில்லை.
தாளை நாலாய் மடித்துக்
கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இரவு கோப்பை மறுபடி திறந்தேன்.
முட்டை இல்லை இது, சாய்ந்த புளியங்கொட்டை.
இன்னும் நாலு டிகிரி சாய்த்தேன்.
உள்வெள்ளையை அகட்டினேன்.
காம்பு மேலே போனால் வலத்தோளில்,
இறங்கினால் இடது இடுப்பில்;
இரண்டு அலகு விலகினாலும்
இடையில் மயிரிழை வெளிச்சம்,
தலை வேறு உடல் வேறு.

பத்து வருடம் தமிழுக்குக்
கொம்பும் காலும் ஒட்டிய கை
புள்ளியில்தான் இன்னும் தடுமாறுகிறது.
அங்கே தலைமேல் வைத்தால்
ஒரு மாத்திரை அரையாகும்.
இங்கே பக்கத்தில் வைத்தால்
இன்னொரு பாதி சேரும்.

விடிந்ததும் மெர்லினுக்கு ஒரு பக்கம் அனுப்பினேன்.
பதில், குரல்பதிவு:
முழு இரண்டு தட்டும் ஒரே சுரம்,
பின்னால்
குக்கர் விசில்.